ஒற்றன் சிறுவனும் முதலைக் கண்ணீரும்

திருக்குறட் பொருட்பாலில் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல் என்பது. ஒற்றினையும் அறநூலினையும் அரசனுக்கு இரு கண்களாக வைத்து அவ்வதிகாரத்தைத் தொடங்குகின்றார் வள்ளுவர். ஒற்றன் எவ்வுருவில் செல்ல வேண்டும், யார் யாரை ஆராய வேண்டும், அவன் கொணர்ந்த செய்தியை எவ்வாறு சரிபார்க்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் பத்தே குறட்பாக்களில் அடக்கிவிடுகின்றார். இத்துணைத் தொன்மையான ஒற்றிலக்கணம் உடைய மொழியினர் நாம். எனினும், இன்று சிங்கப்பூரில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவன் ஒற்றர் கதை படிக்க விரும்பினால் அவன் கை செல்வது ஆங்கில நூலடுக்கிற்கே. அங்கே அவன் எடுக்கும் நூல்களுள் ஒன்றனை ஆராய்ந்து, அதன் நிறை குறைகளைத் தமிழாசிரியர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரும் நூலும்

ஆங்கில எழுத்தாளர் அந்தோணி ஹோரோவிட்ஸ் 2000ஆம் ஆண்டில் ‘ஸ்டார்ம்பிரேக்கர்’ என்னும் நூலினை வெளியிட்டார். அதன் தலைவன் அலெக்ஸ் ரைடர் என்னும் பதினான்கு வயதுப் பள்ளி மாணவன். கைக்குழந்தையாய் இருந்தபோதே பெற்றோரை இழந்தவன், சிற்றப்பனால் வளர்க்கப்பட்டவன். வங்கி அலுவலர் என்று அவன் நம்பியிருந்த அச்சிற்றப்பன் இறந்த பின்னரே, அவர் பிரிட்டிஷ் ஒற்றர் என்பது அவனுக்குத் தெரிய வருகின்றது. அவர் விட்ட பணியை முடிக்குமாறு ஒற்றுத் துறையின் தலைவர் ஆலன் பிளண்ட் என்பவர் சிறுவனை நெருக்குகின்றார். அங்கே தொடங்கிய கதை நூல் நூலாக நீண்டது. 2011இல் ‘ஸ்கார்பியா ரைசிங்’ என்னும் நூலோடு முடிந்ததாகக் கருதப்பட்ட தொடர், 2017இல் மீண்டும் உயிர்பெற்று, 2023இல் வெளிவந்த ‘நைட்ஷேட் ரிவெஞ்ச்’ வரை வந்துள்ளது. இடையில் 2006இல் திரைப்படமும், 2020 முதல் தொலைக்காட்சித் தொடரும் வந்தன.

இத்தொடரில் எட்டாவதாக 2009இல் வந்த ‘கிராக்கடைல் டியர்ஸ்’ என்னும் நூலை யான் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் பெயர். முதலைக் கண்ணீர் என்னும் தொடர் ஆங்கிலத்திற்கும் தமிழிற்கும் பொதுவான வழக்கு. நம் மாணவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அக்கதை தொடங்குமிடம் இலண்டன் அன்று. நம் சென்னையின் அருகே, ஓர் அணுமின் நிலையத்தில் அது தொடங்குகின்றது.

கதைச் சுருக்கம்

ரவி சந்திரா என்னும் பொறியாளர் கைக்கூலி பெற்றுத் தாம் பணியாற்றும் அணுமின் நிலையத்தில் வெடிகுண்டு வைக்கின்றார். மனைவி மக்களுக்கு நல்ல வாழ்வு வாங்கித் தரலாம் என்பது அவர் கனவு. அக்குண்டிற்கு அவரே முதலில் இரையாகின்றார். துயர் துடைக்க ஓடி வரும் அறநிறுவனம் ஒன்று உலகெங்கும் நன்கொடை திரட்டுகின்றது. அந்நிறுவனத்தின் தலைவர் டெஸ்மண்ட் மெக்கெயின். முன்னாள் குத்துச்சண்டை வீரர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், சிறை சென்று மீண்டவர். பேரழிவு நேர்ந்தால் மக்கள் மனம் இளகிப் பொருள் தருவர். ஆதலின் பேரழிவினைத் தாமே உண்டாக்கினால் பொருளும் தாமே வரும் என்பது அவர் கண்ட வாணிக முறை. சென்னையில் நடந்தது அதற்கோர் ஒத்திகையே. அடுத்து, ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் என்னும் கொடிய நஞ்சு கோதுமைப் பயிரிலேயே விளையுமாறு செய்து, கென்யாவில் பெரும் பஞ்சத்தையும் சாவினையும் விளைக்கத் திட்டமிடுகின்றார்.

இச்சூழ்ச்சிக்குள் அலெக்ஸ் எவ்வாறு சிக்குகின்றான் என்பது நூலின் முற்பகுதி. அவன் ஒற்றன் என்பதனை மோப்பம் பிடித்த செய்தியாளன் ஒருவன் அதனை ஊரறியச் செய்யப் பார்க்கின்றான். அவனை அடக்கித் தர வேண்டுமெனின், பள்ளிச் சுற்றுலாவின் போது ஓர் ஆய்வுக் கூடத்திலிருந்து தகவலைத் திருடி வர வேண்டும் என்று ஒற்றுத் துறை விலை பேசுகின்றது. அதனால் வந்த வினை அவனைக் கென்யாவின் முதலைகள் திரியும் ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்கின்றது. அங்கே அவனைச் சாவிலிருந்து மீட்பவர் ரஹீம் என்னும் இந்திய ஒற்றர். சென்னையில் நடந்த கொடுமைக்காக மெக்கெயினைக் கொல்ல அனுப்பப்பட்டவர் அவர். அணை ஒன்றனை உடைத்துக் கோதுமை வயலை வெள்ளத்தில் மூழ்கடித்துச் சிறுவன் பேரழிவினைத் தடுக்கின்றான்.

கதை சொல்லும் திறன்

இந்நூலை ஒரு முறை கையில் எடுத்த மாணவன் கீழே வைக்க மாட்டான். அதன் காரணத்தை ஆசிரியர்கள் அறிந்துகொள்வது பயன் தரும். சொற்றொடர்கள் குறுகியவை. இயலின் இறுதியில் ஒரு முடிச்சு விழுகின்றது. அதனை அவிழ்க்க அடுத்த இயலுக்குச் சென்றே ஆக வேண்டும். இடங்கள் பார்த்து எழுதியவை போல் தோன்றுகின்றன. பூட்டு எவ்வாறு திறந்தது, பேனாவில் வெடிபொருள் எவ்வாறு ஒளிந்திருந்தது என்பன போன்ற செயல்முறைகள் படிப்படியாகச் சொல்லப்படுகின்றன. மயிர்க்கூச்செறியும் நிகழ்ச்சியை விட, ஒரு செயல் எவ்வாறு நடந்தது என்னும் தெளிவே சிறுவனை நம்ப வைக்கின்றது. நம் சிறுவர் கதைகள் பலவற்றில் காணப்படாதது இத்தெளிவே.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒற்றனுக்கு வேண்டியது எவரும் ஐயுறாத தோற்றம் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். துறவி வேடத்தை அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகின்றார். பள்ளிச் சீருடை அணிந்த சிறுவனை விட ஐயுறவுக்கு இடந்தராத உருவம் இக்காலத்தில் யாது? ஹோரோவிட்ஸ் தொடர் முழுவதற்கும் அடித்தளமாகக் கொண்டது இவ்வொரு கருத்தே. குறளை அவர் கற்றாரோ இல்லையோ, குறளின் இலக்கணத்திற்கு அவர் இலக்கியம் படைத்துவிட்டார்.

குறைகள்

முதற்குறை, பகைவன் பேசும் பேச்சு. அலெக்ஸ் சிறைப்பட்டிருக்கும்போது மெக்கெயின் தம் சூழ்ச்சியை அடி முதல் முடி வரை அவனுக்கு எடுத்துரைக்கின்றார். தெருக்கூத்தில் வேடதாரி திரையை விலக்கி வந்து, தான் இன்னான் என்றும் தன் பெருமை இத்தன்மைத்து என்றும் பாடுவது மரபு. அங்கே அது அழகு. மறைவே உயிராகிய ஒற்றர் கதையில் அது பொருந்தவில்லை. சிறுவன் தானே துருவித் துருவி உண்மையைக் கண்டுபிடித்திருப்பின் அவன் அறிவும் சிறந்திருக்கும். படிப்பவன் அறிவும் வேலை செய்திருக்கும்.

இரண்டாங் குறை, தீயவனுக்குத் தந்த உருவம். குத்துச்சண்டையில் தாடை உடைந்து, பிழையாகச் செய்த அறுவையால் முகத்தின் இரு பாதிகளும் பொருந்தாமல் நிற்பவராக மெக்கெயின் வருணிக்கப்படுகின்றார். இத்தொடரின் வேறு நூல்களிலும் தீயோர் உடற்குறை உடையவராகவோ வேற்று நாட்டவராகவோ அமைகின்றனர். முதல் நூலின் பகைவன் ஓர் எகிப்தியன். இதனை ஆங்கிலேயர் குறை என்று மட்டும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கூனியைக் கூன் முதுகோடும் சகுனியை நொண்டிக் காலோடும் கண்டு பழகியவர் நாம். உடற்குறையும் உள்ளக் குறையும் ஒன்றன்று என்பதனை வகுப்பில் எடுத்துரைக்க இந்நூல் ஒரு வாய்ப்பு. நம் கதைகளையும் சேர்த்தே அங்கே எடுத்துரைத்தல் வேண்டும்.

மூன்றாங் குறையே நமக்கு நெருங்கியது. சென்னையை அடுத்த அவ்வணுமின் நிலையத்திற்கு ஆசிரியர் இட்ட பெயர் ‘ஜொவாடா’. இப்படி ஓர் ஊர்ப் பெயரைத் தமிழ்நாட்டில் எவரேனும் கேட்டதுண்டா? நம் ஊர்ப் பெயர்கள் பாக்கம் என்றும் குப்பம் என்றும் பட்டினம் என்றும் முடிந்து, தாம் இருக்கும் நிலத்தையும் அங்கே வாழ்வார் தொழிலையும் சொல்லும். ஜோலார்பேட்டை என்பதில் முதலெழுத்து வேற்றெழுத்தாயினும் ‘பேட்டை’ அதனை நம் ஊர் எனக் காட்டிக்கொடுக்கும். ஜொவாடாவில் அத்தகைய அடையாளம் ஒன்றுமில்லை. அங்கே நெய்தல் நிலம் இல்லை. மீனவர் குப்பம் இல்லை. அவ்வளவு பெரிய அழிவில் மாண்டவர் எவர்க்கும் முகம் இல்லை. முகம் உள்ள ஒரே மனிதர் காசுக்கு விலைபோன பொறியாளர்.

இதனை இனப்பழிப்பு என்று சினந்து பேசுவாரும் உளராகலாம். யான் அவ்வாறு கருதவில்லை. பொருளாசைக்கு நாடு இல்லை. தம் மக்கள் நலம் கருதித் தவறிழைக்கும் தந்தை எல்லா நாட்டிலும் உண்டு. அப்பொறியாளரின் சின்னஞ்சிறு கனவுகளை ஆசிரியர் ஓரளவு பரிவோடேயே காட்டுகின்றார். குறை என்னவெனின், உண்மையான ஊர் ஒன்று அருகிருக்க, அதனைக் காணாமல் எழுதியதுதான். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் உண்டு. அதன் முதல் உலை 1984இலும் இரண்டாம் உலை 1986இலும் முழுப் பணிக்கு வந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கியது. அணு உலை இடையூறின்றி நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் பல மாய்ந்தன. அதன் பின்னர் 2011இலும் 2012இலும் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மக்கள் கடற்கரையில் திரண்டிருந்தனர். அணுவுக்கு அஞ்சுவாரும், அதனால் வாழ்வாரும், அலைக்கு உறவினரைப் பறிகொடுத்தாரும் ஒரே கரையில் வாழ்கின்றனர். இத்துணைப் பெரிய கதைப்பொருள் அங்கே கிடக்க, ஜொவாடா ஒரு வெடியோசையாக முடிந்துபோயிற்று. வெளியார் எழுதினால் அப்படித்தான் எழுதுவர். நாம் எழுதாதிருந்தால் நம் பிள்ளைகளும் அதனையே தம் ஊராக அறிவர்.

அறமும் ஒற்றும்

இந்நூலின் சிறந்த பகுதி அதன் வீரச்செயல்களில் இல்லை என்பது என் துணிபு. சிறுவனைப் பயன்படுத்தும் பெரியோரை ஆசிரியர் நடத்தும் முறையிலேயே அது உள்ளது. அலெக்ஸ் ஒற்றனாக விரும்பவில்லை. பள்ளிக்குச் செல்லவும் நண்பரோடு விளையாடவும் விரும்புகின்றான். ஒவ்வொரு முறையும் ஓர் அச்சுறுத்தலோ ஒரு பேரமோ அவனை இழுத்துச் செல்கின்றது. மெக்கெயின் பொய்யாக அழுகின்றார். பிளண்டோ அழுவதே இல்லை. இவ்விருவருள் எவர் கொடியர் என்னும் வினாவை ஆசிரியர் வாய்விட்டுக் கேட்கவில்லை. படித்து முடித்த மாணவன் மனத்தில் அவ்வினா எழுமாயின் நூல் தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.

ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பினைப் பிறர் அறியச் செய்ய வேண்டா; செய்தால் அரசன் தன் மறைபொருளைத் தானே வெளியிட்டவனாவான் என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் இறுதிக் கருத்து. ஈண்டு ஒன்றனைக் கூர்ந்து நோக்க வேண்டும். சிறப்பே வேண்டா என்றாரல்லர் வள்ளுவர். வெளிப்படையாக வேண்டா என்றார். மறைவாகவேனும் நன்றி காட்டப்பட வேண்டும் என்பது அதன் உட்பொருள். அலெக்ஸுக்கு வெளிப்படையாகவும் சிறப்பில்லை, மறைவாகவும் இல்லை. நாட்டைக் காத்த பின்னர், தவறிய வீட்டுப்பாடத்திற்காக ஆசிரியர் முன் நிற்க வேண்டிய நிலை அவனுடையது. ரஹீமின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சென்னையில் மாண்டவர்க்காக நெடுந்தொலைவு வந்த அவ்வொற்றர் சில பக்கங்களே வாழ்ந்து மறைகின்றார். அவருக்காக ஒரு முழு நூல் எழுதப்பட்டிருக்கலாம்.

கதைதானே, சிறுவரை எவர் ஒற்றராக்குவர் என்று சிலர் எண்ணக்கூடும். பதினெட்டு வயது நிரம்பாதாரைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் ஐக்கிய நாட்டு மன்றத்தின் விருப்ப உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஏற்கப்பெற்றது. அலெக்ஸின் முதற்கதை வந்ததும் அதே ஆண்டிலேதான். 2018இல் பிரிட்டனிலேயே, காவல் துறையினர் சிறுவரை மறைமுகத் தகவலாளராகப் பயன்படுத்துவது பற்றி நாடாளுமன்ற மேலவைக் குழு கவலை தெரிவித்தது. ஆதலின் பிளண்ட் என்னும் கதைமாந்தர் முற்றிலும் கற்பனையல்லர்.

நம்மிடம் உள்ள கதைகள்

தமிழில் ஒற்றர் கதை இல்லாமல் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளின் போக்கினைத் தழுவித் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்தனர். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் ஆழ்வார்க்கடியான் வைணவ அடியார் கோலத்தில் உலவும் ஒற்றன், வள்ளுவர் கூறிய துறவி வேடத்திற்கு அவனே உயிருள்ள எடுத்துக்காட்டு. துணிவும் குறும்பும் நிறைந்த வந்தியத்தேவனோ இளைஞர் மனத்தை இன்றும் கவர்கின்றான். தமிழ்வாணனின் சங்கர்லால் ஒரு தலைமுறையையே தேநீரும் துப்பறிதலுமாக மயக்கி வைத்தார். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது; ஆயினும் அம்மாயாவியும் ஆங்கிலக் கரையிலிருந்து வந்தவரே. இவற்றுள் பதின்ம வயதினனே தலைவனாகி, நூல் நூலாக வளரும் ஒற்றர் தொடர் ஒன்றும் இல்லை.

வரலாற்றிலோ கதைப்பொருள் கொட்டிக் கிடக்கின்றது. அதுவும் நம் மலாயா மண்ணிலேயே. 1942இல் பினாங்கில் ஒற்றுப் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர் சிலர் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரையை அடைந்து பிடிபட்டனர். அவர்களுள் வக்கம் அப்துல் காதர் முதலியோர் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு அப்போது வயது இருபத்தாறு. அதே ஆண்டு சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர். இரங்கூனில் பிறந்து 2018இல் சென்னையில் மறைந்த சரஸ்வதி ராஜாமணி, தாம் பதினாறு வயதிலேயே ஆண்வேடம் பூண்டு இந்திய தேசிய இராணுவத்திற்காக ஒற்றறிந்ததாகக் கூறியுள்ளார். அலெக்ஸைப் போன்ற கற்பனை நமக்கு எதற்கு? பதினாறு வயதுத் தமிழ்ப் பெண்ணின் வாய்மொழி இருக்கின்றதே!

இவ்வரலாற்றை எழுதுவார் ஒன்றனை மறத்தலாகாது. அவ்விளைஞர்களும் பெரியோர் நடத்திய போரிலேயே அனுப்பப்பட்டனர். அவர்தம் வீரத்தைப் போற்றும்போதே, அவர்களை அனுப்பியது அறமா என்னும் வினாவினையும் விடாது கேட்டல் வேண்டும். ஹோரோவிட்ஸிடம் நாம் கற்க வேண்டியது அதுவே.

ஆசிரியர்க்குச் சில சொற்கள்

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர், ஆங்கிலம் பேசுவோர் 48.3 பேர். பாலத்திற்கு இப்பால், யான் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் தமிழிலேயே விளையாடுகின்றனர். ஆயினும் விறுவிறுப்பான கதை கேட்டால் எடுத்துக் கொடுக்க நூல் போதவில்லை. அங்கே மொழி குறைகின்றது. இங்கே நூல் குறைகின்றது. இரண்டிற்கும் மருந்து ஒன்றே. சிறுவன் தானே தேடி எடுக்கும் தமிழ்க்கதை வேண்டும். அறவுரை நிறைந்த நூலை ஆசிரியர் சொன்னால் படிப்பான். அடுத்த பாகம் எப்போது வரும் என்று அவன் தானே கேட்கும் நூல்தான் மொழியை அவன் நாவில் நிறுத்தும்.

சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் இது நடந்திருக்கின்றது. 2012இல் தொடங்கிய ‘ஷெர்லாக் சாம்’ என்னும் சிறுவர் துப்பறியும் தொடர் காத்தோங் பகுதியிலிருந்தே தன் முதற்கதையை எடுத்தது. அவ்வூர்ச் சிறுவர் தம் தெருவையும் தம் உணவையும் அதிற் கண்டனர். நமக்குச் சிராங்கூன் சாலை இல்லையா? தேக்காச் சந்தையும், பஃபலோ சாலையின் பூக்கடைகளும், டன்லப் தெருவின் நெரிசலும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே கூடும் தொழிலாளர் திரளும் ஓர் ஒற்றன் மறையத் தக்க இடங்கள் அல்லவா? பூச்சரம் தொடுக்கும் பாட்டியை எவர் ஐயுறுவர்?

வகுப்பில் செய்யத் தக்க எளிய முறை ஒன்றனை மட்டும் கூறி அமைகின்றேன். உயர்நிலை வகுப்பில் ஒற்றாடல் அதிகாரத்தை நடத்தும் வாரத்தில், ‘முதலைக் கண்ணீ’ரின் தொடக்கக் கதையை ஆசிரியர் தம் சொந்தத் தமிழில் பத்து நிமிடம் சொல்லட்டும். பின்னர் மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதட்டும். இக்கதையில் வள்ளுவர் இலக்கணம் எங்கெங்கே பொருந்துகின்றது, எங்கே பொருந்தவில்லை? ஜொவாடா என்னும் பெயரை நீக்கி ஒரு மெய்யான ஊரை வைத்தால் கதையில் எவையெவை மாறும்? அலெக்ஸை அனுப்பியவர் செய்தது சரியா? முதல் வினா இலக்கியம். இரண்டாவது கட்டுரைப் பயிற்சி. மூன்றாவதற்கு மாணவர் தமிழில் வாதிட்டே தீர்வர். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் பேச நாணும் மாணவனும், தான் அறிந்த கதை என்பதனால் வாய் திறப்பான்.

இந்நூலை மாணவர் கையிலிருந்து பறிக்க வேண்டா என்பதே என் முடிவு. பறித்தால் மறைந்து படிப்பர். ஒற்றர் கதைக்கு அதுவே சிறந்த விளம்பரமாகிவிடும். உடன் அமர்ந்து படித்து, குறையைக் குறையென்றும் நிறையை நிறையென்றும் காட்டுவதே ஆசிரியர் கடன். நம் பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லையே என்று மேடைதோறும் வருந்திவிட்டு, அவர்கள் விரும்பிப் படிக்க ஒரு நூலும் எழுதாதிருப்போமாயின், அவ்வருத்தத்திற்கு இந்நூலின் பெயரையே சூட்ட வேண்டிவரும். எழுதும் ஆற்றல் உடைய இளைஞர் இங்கே பலர் உளர். அவருள் ஒருவரேனும் சிராங்கூன் சாலையிலிருந்து ஓர் ஒற்றனைப் புறப்படச் செய்வாராக.